பிளாட்டினம் ஹைட்ராக்சைடு: பாட்டிலில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பினாங்கு பாயான் லெப்பாஸில் முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் லேபில் எனக்கு வேலை. சனிக்கிழமை மாலையில் படிவம் ஆறு பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் வேதியியல் சொல்லித் தருகிறேன். அதனால் பிளாட்டினம் பற்றிய கேள்விகள் மூன்று பக்கமிருந்தும் வருகின்றன: படிவம் ஆறு முடிவில் வரும் எஸ்டிபிஎம் தேர்வு எழுதப்போகும் மாணவர்கள், லேபுக்குப் புதிதாக வந்த தம்பிகள், லிட்டில் இந்தியாவில் நகைக் கடை வைத்திருக்கும் நண்பர்கள். ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இனி யார் கேட்டாலும் இதை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன். வாய்பாடுகளைக் குறியீடாகப் போடாமல் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்.

பிளாட்டினம் ஹைட்ராக்சைடு என்றால் ஒரு பிளாட்டினத்துக்கு நான்கு ஹைட்ராக்சைடு, அவ்வளவுதானே?

பாட்டிலில் அப்படித்தான் எழுதியிருக்கும். நானும் அதை நம்பித்தான் மாட்டிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், 10 கிராம் பிளாட்டினம் உள்ள கரைசல் ஒன்று தயாரிக்கச் சொன்னார்கள். ஒரு பிளாட்டினம், நான்கு ஹைட்ராக்சைடு என்று கணக்குப் போட்டால் மோலார் நிறை 263; அதில் பிளாட்டினம் 74.1 சதவீதம். ஆக 13.5 கிராம் தூள் போதும். நான்கு தசமம் காட்டும் தராசில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்துப் போட்டேன். மறுநாள் சோதனை முடிவு வந்தது: 8.8 கிராம். தராசைச் சந்தேகப்பட்டேன், பிப்பெட்டைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் தூளை அனுப்பியவர்களையே சந்தேகப்பட்டேன். என் மூத்தவர் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த மோலார் நிறையைக் காட்டினார். 299 என்று போட்டிருந்தது.

அந்தத் தூளில் ஒரு பிளாட்டினத்தைச் சுற்றி ஆறு ஹைட்ராக்சைடு இருக்கிறது, கூடவே இரண்டு ஹைட்ரஜன். முறையான பெயர் ஹெக்ஸாஹைட்ராக்ஸோபிளாட்டினிக் அமிலம். அதில் பிளாட்டினம் 65.2 சதவீதம்தான். நான்கு ஹைட்ராக்சைடோடு இரண்டு தண்ணீர் சேர்ந்தது என்று எழுதினாலும், பிளாட்டினம் டையாக்சைடோடு நான்கு தண்ணீர் என்று எழுதினாலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றேதான் வரும். அதனால்தான் ஒரே பொருள் மூன்று பெயரில் விற்கிறது. வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள். பிளாட்டினம் எத்தனை சதவீதம் என்ற சான்றிதழைக் கேளுங்கள்.

அது ஏன் ஆறு? நான்கு நேர் மின்னேற்றத்துக்கு நான்கு போதாதா?

மின்னேற்றக் கணக்கு வேறு, இடக் கணக்கு வேறு. பிளாட்டினம்-4, அதாவது நான்கு நேர் மின்னேற்றம் உள்ள பிளாட்டினம் அயனியின் வெளிக்கூட்டில் ஆறு டி எலக்ட்ரான்கள். எண்முக அமைப்பில் இந்த ஆறும் தாழ்ந்த மூன்று ஆர்பிட்டால்களில் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிடும். மேலே இரண்டு ஆர்பிட்டால்கள் காலி. அந்த அமைப்புக்குக் கிடைக்கும் நிலைத்தன்மை மிக அதிகம். அதனால் பிளாட்டினம்-4 எங்கே போனாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று, சுற்றி நான்கு என்று ஆறு ஈனிகளை (உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் அயனி அல்லது மூலக்கூறு) தேடும். நான்கு ஹைட்ராக்சைடு மட்டும் கிடைத்தால், மீதி இரண்டு இடத்தைத் தண்ணீரால் நிரப்பிக்கொள்ளும். காலியாக விடாது.

பிளாட்டினத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடைவெளி சுமார் 2 ஆங்ஸ்ட்ராம். எலக்ட்ரான் எல்லாம் ஜோடியாக இருப்பதால் காந்தம் இதை இழுக்காது. ஹைட்ரஜன்கள் ஓர் எண்முகத்தின் ஆக்சிஜனிலிருந்து அடுத்த எண்முகத்தின் ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்கின்றன. தூள் தண்ணீரில் கரையாமல் அடம்பிடிப்பதில் இந்தக் கைகோப்புக்கும் பங்கு உண்டு.

மாணவர்களுக்கு ஒரு துணைச் செய்தி. இதே அமைப்பில் வெள்ளீயமும் இருக்கிறது. பொட்டாசியம் ஸ்டேனேட் என்று நாம் முலாம் தொட்டியில் கொட்டும் உப்பு, வெள்ளீயத்தைச் சுற்றி ஆறு ஹைட்ராக்சைடு உள்ளதுதான். அதன் படிகமும் பொட்டாசியம் பிளாட்டினேட்டின் படிகமும் ஒரே வார்ப்பு. தனிம அட்டவணையில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு உலோகங்கள் ஒரே அச்சில் படிகமாவது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

அமிலம் என்கிறீர்கள், ஹைட்ராக்சைடு என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. ஈரியல்பு என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதுதான். சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டால் இரண்டு ஹைட்ரஜனையும் விட்டுக்கொடுத்து, ஆறு ஹைட்ராக்சைடு சூழ்ந்த எதிர் அயனியாகக் கரையும். வெளிர் மஞ்சள் கரைசல். வலுவான அமிலத்தில் போட்டால் ஹைட்ராக்சைடுகள் புரோட்டானை வாங்கித் தண்ணீராக மாறும், அப்போதும் கரையும். ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்தால், தண்ணீரின் இடத்தைக் குளோரைடு பிடித்து, பழைய ஆரஞ்சு நிறக் குளோரோபிளாட்டினிக் அமிலத்துக்கே திரும்பிப் போய்விடும். நடுவில், வெறும் தண்ணீரில், தூளாக அடியில் கிடக்கும்.

இதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

பிளாட்டினத்தை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) கரைத்தால் கிடைப்பது குளோரோபிளாட்டினிக் அமிலம். அதன் ஆறு குளோரைடையும் ஹைட்ராக்சைடாக மாற்ற வேண்டும். அளவுக்கு மேல் சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிக் கொதிக்க வைப்பதுதான் வழி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடை ஏன் முதலில் ஊற்றக்கூடாது என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பொட்டாசியம் குளோரோபிளாட்டினேட் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஊற்றியவுடன் மஞ்சள் பொடியாகக் கீழே இறங்கிவிடும். அந்தக் காலத்தில் பொட்டாசியத்தை அளக்கவே இந்த வீழ்படிவைப் பயன்படுத்தினார்கள். சோடியம் உப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

கொதிக்கும்போது பீக்கரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். அடர்ந்த ஆரஞ்சு நிறம் மெல்ல மெல்ல வெளுத்து வைக்கோல் மஞ்சளாகும். அவசரப்பட்டால் நடக்காது. ஆறு டி எலக்ட்ரான்களும் ஜோடியாக உட்கார்ந்துவிட்ட பிளாட்டினம்-4, பழைய ஈனியை விட்டுப் புதியதைப் பிடிக்க மணிக்கணக்கில் யோசிக்கும். அப்புறம் ஆறவிட்டு அசெட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல வெளிர் மஞ்சள் வீழ்படிவு திரளும். வடிகட்டி, கழுவி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். கழுவுவதுதான் பாதி வேலை.

குளோரைடு போய்விட்டதா என்று வெள்ளி நைட்ரேட் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே?

கழுவிய தண்ணீரில் சுதந்திரமாகத் திரியும் குளோரைடு தெரியும். பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் குளோரைடு அந்தச் சோதனையில் சட்டென்று வெள்ளை வீழ்படிவு காட்டாது. ஆல்ஃபிரட் வெர்னர் அணைவுச் சேர்மக் கொள்கையைக் கட்டியபோது சான்றாக நின்றதே இந்த வித்தியாசம்தான். பிளாட்டினம் டெட்ராகுளோரைடோடு ஆறு அம்மோனியா சேர்ந்த சேர்மம் நான்கு குளோரைடையும் வெள்ளிக்குக் கொடுக்கும். இரண்டு அம்மோனியா மட்டும் சேர்ந்தது ஒன்றைக்கூடக் கொடுக்காது. குளோரின் இரண்டிலும் நான்குதான். உலோகத்தின் பிடிக்குள் இருக்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதுதான் வேறுபாடு. வெர்னருக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. எஸ்டிபிஎம் எழுதும் பிள்ளைகள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்; அணைவுச் சேர்மப் பாடத்தின் உயிர்நாடி இது.

கொஞ்சம் குளோரைடு தங்கிவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?

வினையூக்கி செய்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கார் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கியில் பிளாட்டினம் மிகச் சிறிய துகள்களாகப் பரவி இருக்க வேண்டும். குளோரைடு தங்கினால் துகள்கள் திரண்டு பெரிதாகலாம், சூடாக்கும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு சூளையையும் அரிக்கும். அதனால்தான் ஹெக்ஸாஹைட்ராக்ஸோபிளாட்டினிக் அமிலத்தை எத்தனோலமீனில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். சுட்டால் தண்ணீரும் கார்பன் டையாக்சைடும் நைட்ரஜன் வாயுக்களுமாகப் போய்விடும்; பிளாட்டினம் மட்டும் தங்கும்.

நைட்ரிக் அமிலத்தில் கரைத்து விற்கிறார்களே, அது பிளாட்டினம் நைட்ரேட்டா?

பெயர் அப்படி. அன்றைக்கே கரைத்த கரைசலில் ஒற்றைப் பிளாட்டினத்தைச் சுற்றி ஹைட்ராக்சைடும் தண்ணீரும் கலந்து நிற்கும். நாள் ஆக ஆக, ஒரு பிளாட்டினத்தின் ஹைட்ராக்சைடு பக்கத்துப் பிளாட்டினத்தையும் பிடித்துப் பாலமாகும். இரண்டு, மூன்று, நான்கு என்று சங்கிலி வளரும். நிறமும் மஞ்சளிலிருந்து சிவந்து கறுக்கும். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் ஆய்வாளர்கள் பிளாட்டினம்-195 ஐசோடோப்பின் என்எம்ஆர் (அணுக்கருவைக் காந்தப்புலத்தில் வைத்து ஆராயும் முறை) கொண்டு இந்த வளர்ச்சியைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். இயற்கைப் பிளாட்டினத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஐசோடோப்புதான் என்பதால் அந்தக் கருவிக்கு இது வசதியான உலோகம். ஆக, ஆறு மாதம் அலமாரியில் இருந்த பாட்டிலும் நேற்று வந்த பாட்டிலும் ஒரே பெயரில் இரண்டு வேறு சரக்கு. தேதி ஒட்டி வையுங்கள்.

சூடாக்கினால் என்ன ஆகும்?

தண்ணீரைப் படிப்படியாக இழக்கும். வெளிர் மஞ்சள், காவி, பழுப்பு, கறுப்பு என்று நிறம் இறங்கும். கூடவே அமிலத்தில் கரையும் குணமும் குறையும். அடுப்பில் கொஞ்சம் அதிக நேரம் உலர்த்திவிட்டு "கரைய மாட்டேங்குது அண்ணே" என்று வரும் தம்பிகளுக்கு விடை இதுதான். இன்னும் சூடேற்றினால் ஆக்சிஜனையும் விட்டுவிட்டு வெறும் பிளாட்டினமாகும்.

இந்தப் பாதையில் நடுவில் நிற்பது, ஹைட்ரஜன் ஏற்றும் வினைகளுக்குப் பயன்படும் ஆடம்ஸ் வினையூக்கி. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஆடம்ஸும் வூர்ஹீஸும் 1922இல் குளோரோபிளாட்டினிக் அமிலத்தைச் சோடியம் நைட்ரேட்டோடு உருக்கி அதைச் செய்தார்கள். பிளாட்டினம் ஆக்சைடு என்றுதான் எல்லாரும் சொல்வோம். வாய்பாட்டில் ஒரு தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலை செய்வதும் அது இல்லை. ஹைட்ரஜன் பட்டவுடன் ஒடுங்கி, 'பிளாட்டினம் கருப்பு' என்ற நுண்ணிய பிளாட்டினத் தூளாக மாறிவிடும். அதுதான் வினையை ஊக்குகிறது.

பிளாட்டினம்-2 ஹைட்ராக்சைடு உண்டா?

உண்டு. கறுப்புத் தூள். காற்று பட்டால் ஆக்சிஜனேற்றம் அடையும், நிலையாக நிற்காது. ஒழுங்கான படிகமாகக் கிடைக்காததால் பாடம் நடத்த உதவாது.

வேதியியலாளர்களே இதில் ஏமாந்த கதை ஏதாவது உண்டா?

பாட்டிலைப் பார்த்து நான் ஏமாந்தது ஒன்றுமே இல்லை என்று எனக்கு ஆறுதல் தரும் கதை ஒன்று இருக்கிறது.

போப், பீச்சி என்ற இரண்டு வேதியியலாளர்கள் 1907இல் டிரைமெத்தில்பிளாட்டினம் அயோடைடைச் செய்து காட்டினார்கள். இடைநிலை உலோகத்தோடு கார்பன் நேராகக் கை கோக்கும் என்பதற்கு அது முன்னோடி. மூன்று மெத்தில் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) முடியுமென்றால் நான்கு முடியாதா? 1938இல் டெட்ராமெத்தில்பிளாட்டினம் செய்ததாக அறிக்கை வந்தது. 1947இல் ரண்டிலும் ஸ்டர்டிவன்ட்டும் அதன் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து கட்டமைப்பே வெளியிட்டார்கள்: கனசதுரம்போல ஒரு கூடு, அதன் மூலைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு பிளாட்டினம், நான்கு மெத்தில். ஒரு மெத்திலில் இருக்கும் கார்பன் மூன்று பிளாட்டினங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இப்படியும் கார்பன் நிற்குமா என்று எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். சிலர் அதற்குக் கொள்கையும் வகுத்தார்கள்.

1968இல் அதே படிகத்தைத் திரும்ப ஆராய்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. மூலைகளில் இருந்தது மெத்தில் அல்ல, ஹைட்ராக்சைடு! அது டிரைமெத்தில்பிளாட்டினம் ஹைட்ராக்சைடு. நான்கு அலகுகள் சேர்ந்த கனசதுரம். முன்பு ஏன் தெரியவில்லை? பிளாட்டினத்தில் 78 எலக்ட்ரான், கார்பனில் 6, ஆக்சிஜனில் 8. எக்ஸ் கதிர் பார்ப்பது எலக்ட்ரானைத்தான். கடைத்தெருவில் ஒலிபெருக்கி அலறும்போது பக்கத்தில் நிற்பவர் ஆறு என்றாரா எட்டு என்றாரா என்று கேட்பது மாதிரி.

கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு பிளாட்டினத்துக்கும் மூன்று மெத்தில், பாலமாக நிற்கும் மூன்று ஹைட்ராக்சைடு. மறுபடியும் ஆறு.

அத்தைக்கு மருத்துவமனையில் பிளாட்டினம் மருந்து போடுகிறார்கள். அதுவும் இந்தக் குடும்பமா?

மருந்து எப்படிப் போட வேண்டும் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். வேதியியலை மட்டும் சொல்கிறேன். சிஸ்பிளாட்டின் பிளாட்டினம்-2 சேர்மம். தட்டையான சதுரம், ஒரு பக்கம் இரண்டு அம்மோனியா, மறுபக்கம் இரண்டு குளோரைடு. பார்னெட் ரோசன்பெர்க் 1965இல் இதுபோன்ற சேர்மங்கள் பாக்டீரியா பிரிவதைத் தடுப்பதைக் கண்டார். 1978இல் அமெரிக்காவில் புற்றுநோய் மருந்தாக அனுமதி கிடைத்தது.

இரத்தத்தில் உப்பு அதிகம், அதனால் குளோரைடு கழன்று போகாது. செல்லுக்குள் குளோரைடு குறைவு; அங்கே போனதும் ஒரு குளோரைடு கழன்று தண்ணீர் வந்து உட்காரும். இந்தத் தண்ணீர் வடிவம்தான் டிஎன்ஏவைப் பிடிக்கும். அதே தண்ணீர் ஒரு புரோட்டானை விட்டால் ஹைட்ராக்சைடு. ஹைட்ராக்சைடு வடிவம் தூங்குமூஞ்சி, எளிதில் வினைபுரியாது. பிஎச் 6.5 அளவில் இரண்டும் பாதிப் பாதி. உடலின் பிஎச் 7.4 என்பதால் தூங்குமூஞ்சிகளே அதிகம். சிஸ்பிளாட்டினை உப்புக் கரைசலில் கலந்து ஏற்றுவதற்கும் இந்தக் குளோரைடு கணக்குதான் காரணம்.

என் ஒயிட் கோல்டு மோதிரத்தின் மேல் பூசியிருப்பது பிளாட்டினமா?

பெரும்பாலும் ரோடியம். லெபோ பாசாரில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். மங்கினால் திரும்பப் பூசிக்கொள்ளலாம்.

பிளாட்டினமே பூச வேண்டுமென்றால்?

பல வழி உண்டு. அதில் ஒன்று ஹைட்ராக்ஸோபிளாட்டினேட் காரத் தொட்டி. ஏறக்குறைய 75 டிகிரி சூட்டில் ஓட்டுவார்கள். நன்றாகப் படியும். ஆனால் காரம் காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடை இழுத்துக் கார்பனேட்டாகிக்கொண்டே போகும். நம் ஊர் ஈரத்துக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு டப்பாவை அரை மணி நேரம் திறந்து வைத்தால் வில்லைகள் வியர்த்துக் குழம்பாகிவிடும். தொட்டிக்கு மூடி போடுங்கள். சோடியம் உப்பைவிடப் பொட்டாசியம் உப்பு நன்றாகக் கரையும். தொட்டியில் மஞ்சள் வண்டல் படிகிறது என்றால் முதலில் காரத்தின் அளவைப் பாருங்கள்.

தொட்டால் ஆபத்தா?

தொடுவதைவிட மூச்சில் போவதுதான் மோசம். பிளாட்டினத்தின் கரையும் உப்புகள், முக்கியமாகக் குளோரோபிளாட்டினேட்டுகள், ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் உண்டாக்கும். ஒருமுறை பற்றிக்கொண்டால் அந்த வேலையையே விட வேண்டி வரலாம். அமெரிக்கத் தொழிலிடங்களுக்கான வரம்பு கனமீட்டருக்கு 0.002 மில்லிகிராம், கண்ணுக்குத் தெரியும் தூசி இருந்தாலே வரம்பைத் தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராக்சைடில் குளோரைடு இல்லாததால் இந்த ஆபத்து குறைவு. ஆனால் முழுதாகக் கழுவாத தூளில் என்ன மிச்சம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? காற்றை உறிஞ்சி வெளியேற்றும் புகையறைக்குள் வைத்தே நிறுங்கள்.

இன்னொன்று. அம்மோனியா பாட்டிலை இதன் பக்கத்தில் வைக்க வேண்டாம். பிளாட்டினமும் அம்மோனியாவும் காரமும் சேர்ந்து உலர்ந்தால் வெடிக்கும் சேர்மங்கள் உருவாகலாம். எட்மண்ட் டேவி 1817இலேயே இப்படி வெடிக்கும் பிளாட்டினத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்.

எரிபொருள் கலத்திலும் ஹைட்ராக்சைடு பேச்சு வருகிறதே?

எரிபொருள் கலம் என்பது ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கருவி; சரவாக்கில் அதை வைத்து ஓட்டிய ஹைட்ரஜன் பேருந்துகளைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார். அங்கே தூளாக எதுவும் இல்லை. பிளாட்டினத்தின் மேற்பரப்பிலேயே, சுமார் 0.7 வோல்ட்டைத் தாண்டும்போது, தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சைடு வந்து ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது குந்திக்கொள்வதால் கலத்தின் வேகம் குறையும். அதே ஹைட்ராக்சைடு, பிளாட்டினத்தை மூடியிருக்கும் கார்பன் மோனாக்சைடை எரித்து விரட்டவும் செய்யும். தொல்லையும் அதுதான், துணையும் அதுதான்.

கழுவிய தண்ணீரைச் சிங்கில் ஊற்றலாமா?

கூடாது. உலோகம் கலந்த இப்படிப்பட்ட கழிவுகள் மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் திட்டமிடப்பட்ட கழிவுகள் விதிமுறைகளுக்குள் வரும்; சுற்றுச்சூழல் துறையான ஜபாத்தான் அலாம் செகிதாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். சட்டத்தை விடுங்கள், அது காசு. எங்கள் லேபில் கழுவிய தண்ணீர் எல்லாம் ஒரு பெரிய கேனில் சேரும். நிரம்பியதும் ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் பிளாட்டினம் கறுப்புத் தூளாக அடியில் இறங்கும். மேலே தெளிந்ததைச் சோதித்துவிட்டுத்தான் அடுத்த கட்டம். வடிதாள், துடைத்த டிஷ்யூ, தூள் பட்ட கையுறை எல்லாம் தனி டப்பா. பத்தர் கடையில் சாயங்காலம் கூட்டிய தூசியைக் கொட்டாமல் சாக்கில் கட்டி வைப்பார்களே, அந்த மாதிரி. புதிதாக வந்த தம்பி ஒருவர் போன மாதம் அந்த டப்பாவைக் குப்பை என்று நினைத்து வெளியே வைத்துவிட்டார். துப்புரவு அம்மா அதை அப்படியே திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இது உங்க ஐயாவோட பொட்டி தம்பி, இத யாரும் தூக்க மாட்டோம்."